20-ம் தேதி வரை நான் பிஸி!

'மேனேஜர் மூஞ்சியில் முழிக்காமல், சொந்தமா ஏதாவது பண்ணணும்டா' என்று ஆபீஸ் கேன்டீனில் டீயை ஆற்றியபடி கனவு காண்பவரா நீங்கள்? நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்தான்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. எங்கள் நங்கநல்லூரில் பெயின்ட் கடைக்காரர் முதல் பேப்பர் பிளேட் போடுகிறவர் வரை, 'கணக்கு தெரிஞ்ச பையன் யாராச்சும் இருக்கானா?' என்று அலைந்தார்கள். வேலையை விட்டேன். வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், 500 விசிட்டிங் கார்டு. முதலாளி, குமாஸ்தா, ஆபீஸ் பாய் எல்லாம் நானே. ஆறே மாசத்தில் 14 பார்ட்டிகள். 'பி.காம்.தானே' என்று உதட்டைப் பிதுக்கிய மாமனார் வீட்டில் அந்த தீபாவளிக்கு எனக்குத் தலைவாழை இலை!

கணக்கு வேலையில் மாசம் என்பது இரண்டு தேதிதான். 11-ம் தேதி விற்பனை விவரம், 20-ம் தேதி வரி ரிட்டர்ன். யாராவது புதிதாகப் போன் செய்தால், "இப்ப பிஸி ஸார், 20 தாண்டிப் பேசலாம்" என்பேன். 20 தாண்டியதும் தூங்குவேன். திருப்பிக் கூப்பிட்டதே கிடையாது. இருக்கிற வேலையே முதுகை ஒடிக்கிறபோது புதுசு எதற்கு என்ற மிதப்பு. விசிட்டிங் கார்டு பெட்டியில் 430 கார்டுகள் அப்படியே இருந்தன.

2020-ல் கொரோனா. இரண்டு கடைகள் மூடியவை திறக்கவே இல்லை. ஒருவர் கோயமுத்தூருக்கே போய்விட்டார். இன்னொருவரின் பெண் பி.காம். முடித்து, அப்பா கணக்கைத் தானே பார்க்க ஆரம்பித்தாள் (நம் படிப்பு நம்மையே இப்படிப் பழிவாங்கும்!). 2021 ஜனவரி முதல், வருஷம் 5 கோடி வரை வியாபாரம் உள்ளவர்கள் மூன்று மாசத்துக்கு ஒரு ரிட்டர்ன் போட்டால் போதும் என்று வசதி வந்தது. கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். என் மாச ஃபீஸ், காலாண்டு ஃபீஸ் ஆனது. மிச்சம் இருந்தது 5 பார்ட்டி.

பிப்ரவரியில் ஒருநாள் என் மனைவி இரண்டு வளையல்களைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "வெயில் வருதுங்க, கை அரிக்குது" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம்தான் ஐயாவுக்கு விளம்பர ஞானம் வந்தது. பேப்பருக்குள் வைத்துப் போட 3,000 நோட்டீஸ். வந்தது ஒரே ஒரு போன். "நோட்டீஸ் எந்த பிரஸ்ல அடிச்சீங்க ஸார்? ரேட்டு சல்லிசா?" இரண்டே நாளில் அறுபது பேருக்குப் போன் போட்டேன். மூன்று வருஷமாக 'பிஸி' என்று சொன்னவன் திடீரென்று 'சௌக்கியமா ஸார்?' என்று குழைந்தால் எவனுக்குத்தான் புரியாது? பசித்தவன் குரல் போனிலேயே கேட்டுவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. "கீரே..." என்று தெருவில் குரல். எட்டிப் பார்த்தால் கூடை காலி!

"என்னம்மா, கூடையில ஒண்ணுமில்ல, எதைக் கூவறே?"

"முன் தெருவிலயே தீந்துடுச்சு தம்பி."

"அப்ப வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"நல்லாருக்கே! இன்னிக்கு நம்ம கொரல் கேக்கலைன்னா, நாளைக்கு அந்த நாலாவது வீட்டம்மா தள்ளுவண்டில வாங்கிடும். நாளைக்கு முருங்கைக்கீரை... ரெண்டு கட்டு எடுத்து வெக்கட்டா?"

கல்லூரியில் மார்க்கெட்டிங் பேப்பரில் நான் வாங்கியது 52 மார்க். இது சிலபஸில் இல்லை.

ஆனால் 'தேய்மானம்' சிலபஸில் இருந்தது. மெஷின் வருஷாவருஷம் தேயும். கணக்கில் எழுதாவிட்டாலும் தேயும். ஊரார் கணக்கிலெல்லாம் அதை ஒழுங்காக எழுதிய நான், என் 14 பார்ட்டிகளும் தேய்வார்கள் என்பதை மறந்திருந்தேன்.

அன்றே ஒரு நீள நோட்டு வாங்கினேன். செவ்வாய் காலை 7 முதல் 7.45 வரை, கம்ப்யூட்டரைத் திறக்கும் முன், ஐந்து பேர். இரண்டு பழைய பார்ட்டி, முன்பு விசாரித்துவிட்டுப் போன இரண்டு பேர், ஒரு புது ஆள். வேலை கேட்பதில்லை, உபயோகமாக ஒரு விஷயம் மட்டும் சொல்வது. 'ஸார், 20-ஐ தவற விட்டால் ஒரு நாளைக்கு 50 ரூபாய். வியாபாரமே இல்லாத மாசத்துக்கும் 20 ரூபாய் உண்டு' என்கிற மாதிரி.

ஒரு ஹார்டுவேர் கடைக்காரரிடம், விற்பனை இல்லாத மாசத்து ரிட்டர்னை எஸ்.எம்.எஸ்.ஸிலேயே அனுப்பலாம் என்று சொன்னேன். 2020 ஜூனில் வந்த வசதி அது. "உங்க பொழப்புல நீங்களே மண்ணைப் போட்டுக்கறீங்களே!" என்று சிரித்தார். எனக்கும் உள்ளூர உதைத்தது. ஏழு மாசம் கழித்து அவரே கூப்பிட்டார், தன் கணக்கோடு மச்சினன் கணக்கையும் சேர்த்து.

நோட்டைப் புரட்டினால் தெரிகிறது: முதல் பேச்சுக்கும் முதல் ஃபீஸுக்கும் நடுவே சீக்கிரமாக ஆனது மூன்று வாரம், தாமதமானது பதினாலு மாசம். வேலை தலைக்கு மேல் கிடந்த 2018-ல் நான் பேசாமல் விட்டதன் பலன், 2021-ல் கை அரித்தது.

எல்லா செவ்வாயும் ஒழுங்கா என்றால், இல்லை. 20-ம் தேதி செவ்வாயில் விழுந்தால் கை நடுங்கும். அன்று ஐந்து பேர் இரண்டு பேராவதுண்டு. வேலை நிறைய இருக்கும்போது புது ஆள் வந்தால் பழைய 'பிஸி' பாட்டு இல்லை; "22-ம் தேதி பதினோரு மணிக்கு நானே வரேன் ஸார்" என்று நோட்டில் எழுதிவிட்டுப் போய் நிற்கிறேன். தேதி சொன்னால் மனிதர்கள் காத்திருக்கிறார்கள். ஒரு வளையல் வந்துவிட்டது. இன்னொன்று அடுத்த மாசம்.

போன செவ்வாய் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எம் மருமவன் மளிகைக் கடை வெக்கிறான். கெவுருமென்ட்டுல ஏதோ நம்பரு வாங்கணுமாமே?"

"வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல வித்தாத்தாம்மா அந்த நம்பர் வேணும்."

"அவ்ளோ வித்தா நான் ஏன் கூடை தூக்கறேன்? இந்தா, அரைக்கீரை புடி."

மருமகன் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.