சொந்த ஊர்ப் பயணமும் திரும்பிய பின் வரும் காய்ச்சலும்



கிறிஸ்துமஸ் விடுமுறையில் சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள பெற்றோரைக் காண, துபாயிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வருகிற குடும்பங்கள் அநேகம். பரிசுப் பொருட்கள் பல வாரங்களுக்கு முன்பே ஆயத்தமாகின்றன. ஆனால் மருத்துவரிடம் ஆலோசனை பெற்றுப் புறப்படுகிறவர்கள் சிலரே. "நாம் பிறந்து வளர்ந்த ஊர்தானே, நம்மை என்ன செய்யும்?" என்று எண்ணுகிறோம்.

இவ்வெண்ணம் சரியல்ல. டைஃபாய்டுக்கு எதிராக இளமையில் பெற்ற எதிர்ப்புச் சக்தி நிலைத்திருப்பதில்லை. அயல்நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கோ அது தொடக்கமுதலே இல்லை. உறவினர் அன்போடு தரும் தண்ணீரை மறுக்கவும் நமக்கு மனம் வருவதில்லை. ஆகவே புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது டைஃபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய நீரையே பருகுங்கள்.

உண்ணிக் காய்ச்சல்

தடுப்பூசி இல்லாத நோய் ஒன்றும் உண்டு. சித்தூர், திருப்பதி, அண்டையிலுள்ள வேலூர் ஆகிய பகுதிகளில், மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் 'ஸ்க்ரப் டைஃபஸ்' என்னும் உண்ணிக் காய்ச்சல் மிகுதியாகக் காணப்படுகிறது. நாம் விடுமுறைக்கு வருவதும் அதே காலத்தில்தான்! புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணிக் குஞ்சுகள் கடிப்பதால் இது உண்டாகிறது. கடித்த இடம் வலிப்பதில்லை. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில், சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு சிலருக்குக் காணப்படும்.

கடிபட்டு 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி தோன்றும். அதற்குள் விடுமுறை முடிந்து நாம் திரும்பியிருப்போம். அந்நாட்டு மருத்துவர் இதைச் சாதாரண வைரஸ் காய்ச்சலென்று கருதிவிடக்கூடும். பென்சிலின் வகை மருந்துகளுக்கு இந்நோய் தீராது. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் காலத்தோடு கொடுக்கப்பட்டால் பெரும்பாலோர் சில நாட்களிலேயே தேறிவிடுகிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே சிறந்ததென, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

செய்யவேண்டியவை

வயலுக்கும் தோப்புக்கும் செல்லும்போது கைகால்களை மூடும் உடை அணியுங்கள். புல்தரையில் வெறுமனே உட்காராதீர்கள். வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து, உடைகளை மாற்றுங்கள்.

ஊரிலிருந்து திரும்பிய மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் தாமதியாதீர்கள். எந்த ஊருக்குச் சென்றீர்கள், என்று திரும்பினீர்கள், வயல்வெளியில் இருந்தீர்களா என்பவற்றை, மருத்துவர் கேளாவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உங்கள் பிள்ளையின் உயிரைக் காக்கக்கூடும்.