உங்களுக்குத் தெரியுமா? மோட்டாரை எதிர்த்து எழுந்த துடுப்பு விழா

இத்தாலியின் வெனிஸ் நகரில் ஆண்டுக்கு ஒருமுறை, ஞாயிறு காலை பீரங்கி முழங்கியதும் கயாக், கனூ, டிராகன் படகு என ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் ஒன்றாகப் புறப்படுகின்றன. 'வோகலோங்கா' என்னும் இந்த விழாவில் மோட்டாருக்கு இடமில்லை. 1975இல் இது தொடங்கியதே ஓர் எதிர்ப்பாகத்தான்! விசைப்படகுகள் எழுப்பும் அலைகள் கால்வாயோரக் கட்டடங்களின் அடித்தளத்தை ஓயாமல் அரித்துவந்தன. அதைப் பொறுக்காத உள்ளூர்ப் படகோட்டிகள் துடுப்பைக் கையில் எடுத்தார்கள். எவ்வளவு அழகான போராட்டம்! புரானோ, முரானோ தீவுகள் வழியே செல்லும் பாதை சுமார் 30 கி.மீ. நகருக்குள் திரும்பும்போது கானரேஜோ கால்வாயின் மூன்று வளைவுப் பாலத்தடியில் படகுகள் நெருக்கியடித்து, சில கவிழ்வதும் உண்டு. இது பந்தயமல்ல. எந்த நாட்டவரும் பெயர் பதிந்து கலந்துகொள்ளலாம்.