வீட்டிலிருந்தே எடை குறைக்கலாம்: அளக்க ஒரு கருவி, கேட்க ஓர் ஆள்

"எடையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை வந்துவிடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிடுகிறார். எப்படிக் குறைப்பது என்பதுதான் கேள்வி. திண்டுக்கல் டவுனில் இருப்பவர்களுக்கு ஜிம் உண்டு. வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் என்ன செய்வது? மில்லில் ஷிப்ட் முடித்து வருபவருக்கும், வீட்டு வேலையை முடித்துவிட்டு நிமிர்வதற்குள் பொழுது போய்விடும் இல்லத்தரசிக்கும் தினமும் பஸ் ஏறி ஜிம்முக்குப் போவது நடக்கிற காரியமா?

இது ஒரு சிலருடைய பிரச்னை அல்ல. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். 2015-16ல் இது 30.9 சதவீதம்தான்.

இவர்களுக்குக் கை கொடுப்பதுதான் 'ரிமோட் சப்போர்ட்' எனப்படும் தொலைவழி உதவி. உங்கள் வீட்டில் இருக்கும் மொபைல் போன், எடை பார்க்கும் கருவி, இன்டர்நெட் இணைப்பு ஆகியவை போதும். ஆனால் இவற்றை எப்படி இணைக்கிறோம் என்பதில்தான் வெற்றி இருக்கிறது. அதை இங்கே பார்ப்போம்.

மூன்று பகுதிகள்

தொலைவழி எடைக் குறைப்பு எதுவானாலும் அதில் மூன்று பகுதிகள் இருக்கும்.

1. அளப்பது: எடைக் கருவி, நடை எண்ணும் மொபைல் போன் அல்லது ஸ்மார்ட் வாட்ச்.
2. பதிவது: அளந்ததை எழுதி வைக்கும் ஆப் அல்லது ஸ்பிரெட்ஷீட்.
3. கேட்பது: எழுதியதைப் பார்த்து, "இந்த வாரம் என்ன ஆச்சு?" என்று கேட்கும் ஆள்.

முதல் இரண்டையும் காசு கொடுத்து வாங்கிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறோம். சிங்கப்பூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச், ஒரு மாதம் கையில் இருந்துவிட்டுப் பீரோவுக்குள் போய்விடுவது இதனால்தான்.

கருவி எப்படி அளக்கிறது?

மொபைல் போனுக்குள் 'ஆக்சலரோமீட்டர்' என்ற சிறிய சிப் இருக்கிறது. போனின் அசைவு வேகம் மாறுவதை இது உணரும். நடக்கும்போது ஏற்படும் சீரான ஏற்ற இறக்கத்தை சாப்ட்வேர் ஒவ்வோர் அடியாக எண்ணிக் கொள்கிறது. போனை சமையலறை மேடையில் வைத்துவிட்டு வீடு முழுக்க நடந்தால் ஒரு அடியும் கணக்கில் வராது.

தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல. 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் 'மான்போ-கேய்'. பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். அந்த எண்தான் இன்றும் பல ஆப்களில் இருக்கிறது. நீங்கள் இப்போது 3,000 அடி நடப்பவர் என்றால், 4,000 என்று இலக்கு வைத்தாலே போதும்.

ஸ்மார்ட் வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மின்னுவதைக் கவனித்திருப்பீர்கள். தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம் அந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து வாட்ச் இதயத் துடிப்பைக் கணக்கிடுகிறது. இதயத் துடிப்பு ஓரளவு சரியாக இருக்கும். "320 கலோரி எரித்துவிட்டீர்கள்" என்று காட்டுகிறதே, அதை நம்பிக் கூடுதலாக ஒரு வடை சாப்பிட வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2017ல் ஏழு கருவிகளைச் சோதித்தது. கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவியும் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமான கருவி 93 சதவீதம் தவறியது.

கொழுப்பு அளவையும் காட்டும் ஸ்மார்ட் எடைக் கருவிகள், பாதம் வழியாக மிக லேசான மின்சாரத்தைச் செலுத்தி அளக்கின்றன. உடலில் நீர் கூடிக் குறைந்தால் இந்த எண்ணும் மாறும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வகைக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது. சாதாரண டிஜிட்டல் எடைக் கருவியே போதுமானது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2001ல் அமெரிக்காவில் 91 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எடைக் குறைப்பு பற்றிய வெப்சைட் முகவரிகளும் தகவல்களும் மட்டும் தரப்பட்டன. இன்னொரு குழு வாரந்தோறும் தன் கணக்கை இ-மெயிலில் அனுப்பியது; ஆலோசகர் படித்துப் பதில் எழுதினார். ஆறு மாத முடிவில் முதல் குழு சராசரியாக 1.6 கிலோ குறைந்தது. பதில் பெற்ற குழு 4.1 கிலோ குறைந்தது.

2011ல் பால்டிமோர் நகரில் 415 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. ஒரு குழுவினருக்கு ஆலோசகர் நேரில் உதவினார். இன்னொரு குழுவினர் அவரை நேரில் பார்க்கவே இல்லை. போன், வெப்சைட், இ-மெயில் மட்டும்தான். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒரு போன். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், நேரில் உதவி பெற்றவர்கள் 5.1 கிலோவும், போனில் பெற்றவர்கள் 4.6 கிலோவும் குறைந்திருந்தார்கள். தாமாக முயன்றவர்கள் குறைந்தது 0.8 கிலோதான்.

கருவியைக் கூடுதலாகச் சேர்த்தால்? அதையும் பார்த்தார்கள். 2016ல் வெளியான ஓர் ஆய்வில் 471 இளைஞர்களுக்கு ஒரே மாதிரி உணவு, உடற்பயிற்சி ஆலோசனை தரப்பட்டது. ஆறு மாதம் கழித்து ஒரு குழுவுக்கு மட்டும் உடலில் அணியும் கருவி கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோவும், அணியாதவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தார்கள். கருவி கணக்கு எழுதும், அவ்வளவுதான். நம்மை நடக்க வைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நம் ஊர் எஸ்எம்எஸ் ஆய்வு

இதற்கெல்லாம் ஸ்மார்ட் போன்கூடத் தேவையில்லை என்று காட்டியவர்கள் சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ.ராமச்சந்திரன் குழுவினர். தென்னிந்தியாவில், சர்க்கரை வரும் நிலையில் இருந்த 537 வேலைக்குப் போகும் ஆண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஆலோசனை உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் உணவு, நடை பற்றிய எஸ்எம்எஸ் தொடர்ந்து அனுப்பப்பட்டது. முடிவுகள் 2013ல் வெளியாயின. இரண்டு ஆண்டுகளில் சாதாரணக் குழுவில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. இரு குழுவினரின் எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எஸ்எம்எஸ் பெற்றவர்கள் சாப்பிடும் அளவைக் குறைத்திருந்தார்கள். அதுவே நோயைத் தள்ளிப்போட உதவியது. எனவே எடைக் கருவியில் முள் அசையவில்லை என்று மனம் தளர்ந்து விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஸ்பிரெட்ஷீட்டைத் தயாரியுங்கள்

எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸில் புதிய பைல் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். முதல் நெட்டு வரிசையில் தேதி, இரண்டாவதில் எடை, மூன்றாவதில் நடை, நான்காவதில் குறிப்பு. தினமும் காலையில் கழிவறை போய்வந்த பின், காபி குடிக்கும் முன் எடை பாருங்கள். ஐந்தாவது வரிசையில் 'ஆவரேஜ்' பார்முலாவைப் போட்டு, கடைசி ஏழு நாள் எடையின் சராசரியை எடுங்கள்.

சராசரி எதற்கு? ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவரின் எடை ஞாயிறு முதல் சனி வரை இப்படி இருக்கிறது: 78.4, 79.0, 78.9, 78.6, 78.3, 78.2, 78.1. அடுத்த வாரம்: 78.0, 78.6, 78.5, 78.2, 77.9, 77.8, 77.7.

இரண்டாவது திங்கட்கிழமை 78.6 என்று பார்த்ததும், "ஆரம்பித்ததைவிட ஏறிவிட்டதே!" என்று அவர் விட்டுவிடக் கூடும். ஆனால் முதல் வாரச் சராசரி 78.5, இரண்டாவது வாரம் 78.1. உண்மையில் 0.4 கிலோ குறைந்திருக்கிறது.

திங்கட்கிழமை ஏன் ஏறியது? ஞாயிற்றுக்கிழமை பிரியாணிதான் காரணம். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அதை விட முடியுமா? ஆனால் அந்த 0.6 கிலோ கொழுப்பு அல்ல. ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். அப்படியானால் 0.6 கிலோவுக்குத் தேவைக்கு மேல் 4,600 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு பிளேட்டில் அது வராது. உப்பும் அரிசியும் பிடித்து வைத்த தண்ணீரும், வயிற்றில் இருக்கும் உணவுமே அந்த எடை. இரண்டு நாளில் இறங்கிவிடும்.

போட்டோவில் தெரியாத எண்ணெய்

சாப்பிடும் தட்டைப் போட்டோ எடுத்தால் கலோரி சொல்லும் ஆப்கள் இப்போது நிறைய உள்ளன. தட்டில் இருப்பது இட்லியா, தோசையா என்று அவை சொல்லும். குழம்பில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினீர்கள் என்பது கேமராவுக்குத் தெரியாது. அதை நீங்களே கணக்கிடலாம்.

நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 38 கிராம். அதாவது 340 கலோரி. அதையே 3 லிட்டராகக் குறைத்தால் 23 கிராம், 205 கலோரி. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 135 கலோரி மிச்சம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கும்போது, குறைத்த இடத்தைக் காய்கறியால் நிரப்புவது கஷ்டமா என்ன?

கேட்பதற்கு யார்?

உணவியல் நிபுணரை வாரம் ஒருமுறை வீடியோ காலில் பார்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், வெளியூரில் இருக்கும் மகனோ, மகளோ, சிநேகிதியோ போதும். கூகுள் ஷீட்ஸில் 'ஷேர்' என்பதை அழுத்தி, அவருடைய இ-மெயில் முகவரியைக் கொடுத்து, 'பார்வையாளர்' அனுமதி மட்டும் தாருங்கள். ஞாயிறு மாலை ஆறு மணி என்று நேரம் குறித்துக் கொள்ளுங்கள். அவர் கேட்க வேண்டியவை மூன்றுதான்: சராசரி எவ்வளவு? எந்த நாள் நடக்க முடியவில்லை, ஏன்? அடுத்த வாரம் எதை மாற்றப் போகிறாய்? திட்டுவதற்கு அல்ல இந்த போன். திட்டினால் மூன்றாவது வாரம் போனை எடுக்க மாட்டார்கள்.

வீடியோவில் உடற்பயிற்சி கற்பவர்கள் போனை இடுப்பு உயரத்தில், ஏழெட்டு அடி தள்ளி ஸ்டூலில் வையுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உருவம் கறுப்பாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். உட்கார்ந்து எழும் பயிற்சியைப் பக்கவாட்டில் திரும்பிச் செய்தால்தான் முழங்கால் சரியாக மடங்குகிறதா என்று பயிற்சியாளருக்குத் தெரியும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியிருந்தால் மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' சேவை உள்ளது. பொதுமக்களுக்கான பிரிவு 2020 ஏப்ரலில் தொடங்கியது. மொபைல் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் பதிந்து, டோக்கன் பெற்றால் வீடியோவில் டாக்டரிடம் பேசலாம். மருந்துச் சீட்டும் போனுக்கே வரும். கட்டணம் இல்லை. இன்டர்நெட் இல்லாதவர்கள் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

ஏமாறாமல் இருக்க

* 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ விதிகளின்படி, டாக்டர் தன் பதிவு எண்ணைத் தெரிவிக்க வேண்டும். கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.
* அதே விதிகளின்படி, செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர் தானாக நோயாளிக்கு மருந்து எழுதித் தரக் கூடாது. எடை குறைக்கும் ஊசிகளும் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதவை.
* கம்ப்யூட்டர் துறையில் ரிமோட் சப்போர்ட் என்றால் வேறு பொருள்: உங்கள் திரையை இன்னொருவர் இயக்குவது. "டயட் ஆப் வேலை செய்யவில்லையா? எனிடெஸ்க் போடுங்கள், சரி செய்கிறேன்" என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். இந்த சாப்ட்வேர் வழியாக வங்கிப் பணம் திருடப்படுவது பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.
* எடைக் குறைப்பு ஆப் உங்கள் போன்புக், எஸ்எம்எஸ் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். நடையை எண்ண அவை தேவையில்லை.
* உடல் மாற்றத்தைக் காட்டும் போட்டோக்களை முகம் தெரியாதவருக்கு அனுப்ப வேண்டாம்.

புதிய கருவி வாங்க இந்த மாதம் ஒதுக்கியிருந்த பணத்தை அப்படியே வையுங்கள். வீட்டில் இருக்கும் போனில் பைலைத் திறந்து இன்றைய எடையைப் பதியுங்கள். பிறகு உங்களை வாரம் ஒருமுறை கேட்கப் போவது யார் என்று முடிவு செய்து அவருக்கு அந்த பைலை ஷேர் செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து சராசரி வரிசையைப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.