நான்கு மணி நேரம் ஏன் காத்திருக்கிறோம்?

“நன்றாகத்தானே பேசுகிறாள் டாக்டர், வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?” பாராசிட்டமால் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவரை அழைத்துவரும் குடும்பத்தினர் பலரும் கேட்கும் கேள்வி இது. இம்மருந்தைப் பொறுத்தவரை, முதல் நாள் தெம்பாக இருப்பதை நம்பிவிட இயலாது.

உரிய அளவில் பாராசிட்டமால் பாதுகாப்பானதே. கல்லீரல் அதைச் சிதைக்கும்போது உண்டாகும் சிறிதளவு நச்சுப்பொருளை குளூட்டாதயோன் என்னும் பொருள் செயலிழக்கச் செய்துவிடும். மருந்து மிகுந்தால் குளூட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. இப்பாதிப்பு வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள்கள் ஆகலாம்.

ஆகவே இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறோம். மாத்திரை விழுங்கி 4 மணி நேரம் ஆகுமுன் இரத்தம் எடுத்தால், மருந்து முழுவதும் இரத்தத்தில் சேர்ந்திராது. குறைந்த அளவைக் காட்டி ஏமாற்றக்கூடும். கிடைத்த அளவைக் கழிந்த நேரத்தோடு வரைபடத்தில் ஒப்பிட்டு, அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து தேவையா என முடிவு செய்கிறோம். 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது மிகச் சிறப்பாகப் பயனளிக்கும். தாமதமாக வருபவருக்குப் பரிசோதனை முடிவு வருமுன்னரே தொடங்கிவிடுவோம்.

காத்திருப்பது இரத்தம் எடுப்பதற்கு மட்டுமே. மருத்துவமனைக்கு வருவதற்கு அன்று. உடனே 108-ஐ அழையுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். காலி அட்டைகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள். விழுங்கிய நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். பல தடவையாக விழுங்கியிருந்தால் அந்த வரைபடம் பொருந்தாது, கல்லீரல் பரிசோதனைகளையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

அறியாமலும் அளவு மீறலாம். சளி, காய்ச்சலுக்கான கூட்டு மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்துள்ளது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, என்பதே உச்ச வரம்பு. உடல் எடை குறைந்தோரும் மதுப்பழக்கமோ கல்லீரல் நோயோ உள்ளோரும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

வேண்டுமென்றே விழுங்கியிருந்தாலும் மறைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதுகிறது. அவரைக் கடிந்துகொள்ளாமல் அருகில் இருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.