பராமரிப்பவர் நோயுற்றால் என்ன செய்வது? மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களுக்கான முன்னேற்பாடு

காய்ச்சலின் நான்காம் நாளில் தளர்ந்து போய்ப் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் தாய்மார் சிலரிடம் தாமதத்திற்குக் காரணம் கேட்டால், பிள்ளையை விட்டுவர ஆளில்லை என்பதே பதிலாக இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள மகனையோ, தண்டுவடப் பாதிப்புற்ற கணவரையோ பல ஆண்டுகளாகத் தனியொருவராகப் பராமரித்து வருபவர்கள் இவர்கள். உள்நோயாளியாகச் சேருமாறு கூறினாலும் மறுத்து வீடு திரும்பிவிடுகின்றனர். டெங்குவில் காய்ச்சல் தணியத் தொடங்கும் நாள்களிலேயே ஆபத்து மிகுதி. ஆகவே இந்தத் தாமதம் பராமரிப்பவரின் உயிருக்கே கேடாகலாம்.

அவசரத்துக்கு உறவினர் இருக்கிறார் என்ற நம்பிக்கை மட்டும் மாற்று ஏற்பாடாகாது. அவர் அன்றைய தினம் ஊரில் இருப்பாரா, இப்பணியைத் தம் கையால் ஒருமுறையேனும் செய்திருக்கிறாரா என்பவையே கேள்வி. பாம்பன் போன்ற கடலோர ஊர்களில் கடலுக்குச் சென்ற ஆண்கள் கரை திரும்பும் நேரம் உறுதியில்லை. பாசி சேகரிக்கும் பெண்களும் பகலில் வீட்டில் இருப்பதில்லை. பலத்த காற்றின்போது பாலத்தில் ரயில் நிறுத்தப்படும். எனவே முதல் நாளுக்கு உதவுபவர் தீவுக்குள்ளேயே வசிப்பவராக இருக்கட்டும். ஒரு வாரம் தங்கிப் பார்ப்பதற்கு மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ உள்ள உறவினரை ஏற்பாடு செய்யலாம். யார் தம்மைத் தொட்டுக் குளிப்பாட்டலாம் என்பதை மாற்றுத்திறனாளியிடமே கேட்க வேண்டும். பேச இயலாதவராயினும் அவருடைய விருப்பமும் வெறுப்பும் முகத்தில் தெரியும்.

அடுத்தது பழக்கம். இதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தவறுகின்றன. மாற்றுப் பராமரிப்பாளர் மாதம் ஒரு நாளேனும் எல்லாப் பணிகளையும் தாமே செய்ய வேண்டும். நீங்கள் அருகிலிருந்து பார்த்தால் போதும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வீட்டு ஆண்கள் இதைக் கற்றுக்கொள்ள ஏற்ற காலம். (சமையலறைப் பக்கமே வராதவர்கள்கூட இதை நன்றாகக் கற்றுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.) கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்து, சிவப்பு மறையாமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள். உணவை நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். உண்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்கலாகாது.

உங்கள் நினைவில் மட்டும் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி, மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். மருந்தின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை, சிறுநீர்க்குழாய் மாற்ற வேண்டிய தேதி ஆகியவற்றுடன், அவர் எந்த ஒலிக்கு அஞ்சுவார், வலியை எப்படிக் காட்டுவார் என்பதையும் எழுதுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. ஒரு வாரத்திற்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். வலிப்பு ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. அப்பணியாளர் வரும் நாளில் மாற்றுப் பராமரிப்பாளரும் உடனிருந்து கற்றுக்கொள்ளலாம்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு 18 வயது நிறைந்தபின், பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆவதில்லை. தேவைப்படுமாயின், தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழிகாட்டுதல் பெறலாம். இதை நோயுற்ற பிறகு தொடங்கினால் காலம் போதாது.

நீங்கள் காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் உங்களை நம்பி ஒருவர் இருப்பதைச் சீட்டுப் பதியும்போதே கூறிவிடுங்கள். சேர்க்கை தேவையெனில், வீட்டில் உள்ளவருக்கு இன்றிரவு யார் உணவூட்டுவது என்பதையும் மருத்துவருடன் சேர்த்தே முடிவு செய்யலாம்.