பல்பு வீட்டில்... மூளை எங்கே?

2025, அக்டோபர் 20. தமிழ்நாட்டில் தீபாவளி மதியச் சாப்பாட்டு நேரம். அமெரிக்காவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. ‘எய்ட் ஸ்லீப்’ நிறுவனத்தின் ஸ்மார்ட் மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்த சிலருக்குத் திடீரெனச் சூடு தாங்கவில்லை. குறைக்கலாம் என்று ஆப்பைத் திறந்தால், அது வேலை செய்யவில்லை. இன்னும் சிலருக்கு, தலைப்பக்கம் உயர்த்தி வைத்த கட்டில் அப்படியே நின்றுவிட்டது. இத்தனைக்கும் விலை 2,000 டாலருக்கு மேல்!

மெத்தையில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு, வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அமேசானின் சர்வர் மையங்களில். மெத்தை படுக்கையறையில் இருந்தது. அதன் மூளை அங்கே இருந்தது.

பல ஸ்மார்ட் பொருட்களின் மென்பொருள் இப்படித்தான் கட்டமைக்கப்பட்டிருக்கிறது. ஹாலில் உட்கார்ந்து போனில் ஒரு பட்டனைத் தட்டுகிறீர்கள். அந்தக் கட்டளை நேராக பல்புக்குப் போவதில்லை. ரௌட்டர் வழியாக வெளியேறி, கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. அது மும்பையில் இருக்கலாம், கடல் தாண்டியும் இருக்கலாம். அங்கிருந்து மறுபடி உங்கள் ரௌட்டருக்கு வந்து, பல்பைத் தொடுகிறது. பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட, ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு போன் போட்டு, ‘அவனை இங்கே வரச் சொல்லுங்க’ என்பதைப் போல!

ஏன் இந்தச் சுற்றுவழி? பொருளுக்குள் விலை குறைந்த சிப் போதும். வெளியூரில் இருந்தும் இயக்கலாம். புது வசதிகளைச் சேர்ப்பதும் சுலபம். கம்பெனிக்கு இன்னொரு லாபமும் உண்டு: எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள், எந்த நாளில் வீட்டில் இல்லை என்பதெல்லாம் அதன் கணக்கில் ஏறும்.

சர்வர் சில மணி நேரம் படுத்தால் எரிச்சலோடு போய்விடும். கம்பெனியே மூடிவிட்டால்?

‘ரிவால்வ்’ என்று ஒரு பெட்டி. விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் இணைப்பது அதன் வேலை. சுமார் 300 டாலர். ‘ஆயுள் சந்தா’ என்று சொல்லி விற்றார்கள். 2014-ல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் அதை வாங்கியது. 2016 மே 15-ல் சர்வரை நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டன. யாருடைய ஆயுள் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது!

2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியான்’ நிறுவனமும் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை நிறுத்தியது. ஆனால், அங்கே நடந்தது வேறு. ஆப் செத்துப்போனது, சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது. காரணம், அந்தப் பொருட்கள் வீட்டு மின் ஒயர் வழியாகவும் ரேடியோ அலை வழியாகவும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. சில மாதங்களில் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி, சர்வருக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

எய்ட் ஸ்லீப்பும் பாடம் கற்றது. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் புளூடூத் மூலம் மெத்தையை இயக்கும் வசதியைச் சில நாட்களிலேயே கொண்டுவந்தது. அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று சூட்டில் புரண்டவர்கள் கேட்டிருப்பார்கள்.

இப்போது கடைகளில் சில பெட்டிகளின் மேல் ‘மேட்டர்’ என்ற முத்திரையைப் பார்க்கலாம். ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட பொது விதிமுறை அது. இதன்படி, வீட்டுக்குள் தரும் கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே ஓடும். வெளியூரில் இருந்து இயக்க வீட்டில் ஒரு ‘ஹப்’ வேண்டும்.

முத்திரை இல்லாத பொருள் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? ஒரு சோதனை செய்யலாம். வைஃபை இருக்கட்டும், ரௌட்டருக்கு வரும் இன்டர்நெட் இணைப்பை மட்டும் துண்டியுங்கள். போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, ஆப்பில் பல்பைப் போடுங்கள். எரிந்தால் மூளை வீட்டுக்குள் இருக்கிறது. குரலில் கட்டளையிட்டுச் சோதிக்க வேண்டாம். அந்த ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இன்டர்நெட் இல்லாமல் பேச்சைப் புரிந்துகொள்ளாது.

பல்பு எரியாவிட்டால் சுவர் ஸ்விட்ச் இருக்கிறது, சமாளிக்கலாம். வாசற்கதவுக்கு ஸ்மார்ட் பூட்டு வாங்கும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. சாவி போடத் துவாரம் இருக்கிறதா, பேட்டரி தீர்ந்தால் வெளியே நின்றபடி பவர் பேங்க் செருக வழி இருக்கிறதா என்று, பணம் கொடுப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.