கொற்கையை விட்டு விலகிய கடல்

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையைக் கடல் கொண்டது என்பார்கள். தரையில் கிடைக்கும் சான்றுகள் அதற்கு நேர்மாறாக இருக்கின்றன. கடல் கொண்டிருந்தால் ஊர் நீருக்கடியில் இருக்க வேண்டும். கொற்கையோ இன்று தூத்துக்குடி மாவட்டத்தில், கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. அங்கே 1968-69இல் நடந்த அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகளும் அடுக்கிய உறைகிணறும் வெளிவந்தன. உருமாறியது கரைதான். தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் முகத்துவாரத்தை மேடாக்க, கப்பல் நுழைய ஆழம் இல்லாமல் போனது.

அரசியல் மையம் மதுரைக்கு நகர்ந்ததால்தான் கொற்கை நலிந்தது என்றும் வாதிடலாம். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணமென்றால் இந்தக் கரையின் கடல் வணிகமும் சேர்ந்தே ஓய்ந்திருக்க வேண்டுமே! ஓயவில்லை. கொற்கைக்கும் கடலுக்கும் இடையில் காயல் தலையெடுத்தது. ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் அங்கே குதிரைக் கப்பல்கள் வந்ததை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பதிவு செய்தார். பிறகு காயலும் தூர்ந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் வணிகம் இன்னும் கிழக்கே, ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள புன்னைக்காயலுக்குப் போய்விட்டது.